மேடு தெரியாத ஒட்டு

கேட் செய்து விற்கிறவனுக்குப் பயம் என்று இருந்தால் அது ஒன்றுதான்: வந்தவன் விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசாமலே திரும்பிப் போய்விடுவானோ என்பது. அளவெடுத்துச் செய்து கொடுக்கிறவனின் பயம் வேறு மாதிரி. பொருள் பட்டறையை விட்டுப் போன பிறகுதான் அது உள்ளே வந்து உட்காரும்.

தெமோதரையில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஷெல்டனுக்கு இந்த இரண்டாவது பயம் புதிது. அவர் காலமெல்லாம் செய்தது கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான். பிறகு கொழும்பிலிருந்து ரெடிமேட் கேட்டுகள் லொறி லொறியாகப் பதுளைக் கடைகளில் வந்து இறங்கின. அவற்றின் விலையை விசாரித்து வந்த அன்று ஷெல்டன் சாப்பிடவில்லை. அந்த விலைக்கு அவரால் வெறும் இரும்பைக்கூட வாங்க முடியாது.

வழி சொன்னது மனைவி கிருஷாந்தி. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். தொட்டிலில் கிடந்தபோதே முழம் போடுவதைப் பார்த்தவள்.

"ரெடிமேட் சட்டை வந்து எம்புட்டுக் காலமாச்சு, தையக்காரன் செத்தா போயிட்டான்? சட்ட ரெடிமேடா வரும். தொப்ப ரெடிமேடா வராதுங்க. நீங்க தொப்ப உள்ளவனத் தேடிப் புடிங்க."

ஷெல்டன் தேடிப் பிடித்தார். எல்லவில் ஒரு கோப்பிக் கடைக்காரருக்குப் பாறை விளிம்பில் மேசை நிற்க வேண்டியிருந்தது. ஹல்துமுல்லையில் ஒருவருக்கு மழை வந்தால் உருட்டி உள்ளே தள்ளக்கூடிய மிளகு காயவைக்கும் தட்டு தேவைப்பட்டது. மொனராகலையிலிருந்து வந்தவர், குரங்குக்குத் திறக்கத் தெரியாமலும் தன் மாமியாருக்குத் திறக்கத் தெரிந்தும் ஒரு கூண்டுக் கதவு கேட்டார். இரண்டையும் ஒரே தாழ்ப்பாளில் சாதிப்பது லேசான வேலையில்லை. சாதித்துக் கொடுத்தார்கள். பட்டறை வாசலில் கேட் படம் போட்ட பழைய பலகை இறங்கி, 'அளவெடுத்துச் செய்து தரப்படும்' என்ற புதுப் பலகை ஏறியது.

பட்டறைக்குக் கையும் கண்ணும் புவனேந்திரன். மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். ஷெல்டன் வெல்டிங் பிடித்தால், அதைத் தேய்த்து, குழியை மூடப் பட்டி பூசி, பெயின்ட் அடித்து முடிப்பது அவர் வேலை. கேட் வியாபாரத்தில் உயிரே அங்கேதான் இருந்தது. வெல்டிங் பிடித்த இடம் கம்பளிப்பூச்சி ஒட்டிக்கொண்டது போல மேடாக நிற்கும். வாங்க வருகிறவன் இரும்பின் கனத்தையா பார்க்கிறான்? விரலால் அந்த மேட்டைத்தான் தடவிப் பார்க்கிறான். அதைக் கிரைண்டரால் மட்டமாகத் தேய்த்துவிட்டால், இரும்பு அப்படியே முளைத்து வந்தது போல இருக்கும். ஒட்டு எங்கே என்று செய்தவனுக்கே தெரியக் கூடாது, கை வழுக்க வேண்டும், வழுக்கினால்தான் விலை ஏறும் என்று ஷெல்டன் சொல்லிச் சொல்லியே புவனேந்திரனைப் பழக்கியிருந்தார். தேய்த்தால் ஒட்டின் பலமும் சேர்ந்து தேயும் என்று அவர் சொன்னதில்லை. கேட்டுக்கு அந்தப் பேச்சே தேவைப்படவில்லை. கேட் ஆளைத் தூக்குவதில்லை.

மாசித் திருவிழாவுக்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் வீரசிங்கம் பட்டறைக்கு வந்தார். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. தேநீருக்குச் சீனி போடுவதிலும் பேரம் பேசுவார். தூக்குக் காவடி எடுக்கும் பழைய மரம் போன வருடம் விரிசல் விட்டுவிட்டது, இரும்பில் ஒன்று வேண்டும் என்றார். டிரக்டர் பெட்டியில் ஒரு தூண். தூணின் தலையில் கிணற்று ஏற்றம் போல மேலும் கீழும் ஆடும் ஒரு நீள இரும்புக் கை. கையின் நுனியில் குறுக்குச் சட்டம். நேர்த்திக்கடன் வைத்தவரின் முதுகிலும் தொடையிலும் கொக்கி குத்தி, கொக்கிக் கயிறுகளை அந்தச் சட்டத்தில் கட்டித் தூக்கினால், அவர் குப்புறப் பறவை போல வானத்தில் தொங்குவார். பின் நுனியில் கயிறு பிடித்தவர்கள் இழுத்து விட இழுத்து விட, அவர் மேலும் கீழும் பறப்பார்.

இந்த முறை பறக்கப் போகிறவர் யார் என்று ஷெல்டன் ஒரு பேச்சுக்குக் கேட்டார். புவனேந்திரன் கிரைண்டரை நிறுத்திவிட்டு, தான்தான் என்றார். அவருடைய மகள் டெங்குவில் கிடந்தபோது வைத்த நேர்த்தி.

அன்றைக்கே ஷெல்டன் இந்த வேலையை வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்ற சொல் வியாபாரிக்கு நாக்கில் தங்காது. விரல் தடிப்பில், சுற்றிச் சுற்றி, பார்க்க அசிங்கமாக வெல்டிங் பிடித்தார். கையின் நுனியில் குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் ஒரு கம்பளிப்பூச்சி இல்லை, ஒரு குடும்பமே சுருண்டு கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுச் சட்டத்தில் தொங்கவிட்டு ஆட்டினார். இரும்பு முனகக்கூட இல்லை. பெயின்ட் அடித்து அனுப்பிவிடும்படி புவனேந்திரனிடம் சொல்லிவிட்டு எல்லவுக்கு மேசை பூட்டப் போனார். பெயின்ட் அடி என்றுதான் சொன்னார். தேய்க்காதே என்று சொல்லவில்லை.

திருவிழா அன்று ஷெல்டன் தோட்டத்துக்குப் போனபோது காவடி கிளம்பிவிட்டது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பதால் அவர் கூட்டத்தின் ஓரமாகவே நடந்தார். மேலே புவனேந்திரன் தொங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, முதுகுத் தோல் கொக்கிக்குக் கொக்கி கூடாரம் போல எழும்பி நின்றது. கீழே அவர் மனைவி விஜயலெட்சுமி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணாந்தபடியே தடுமாறித் தடுமாறி நடந்தாள். சுற்றி நின்றவர்கள் இரும்புக் கையைப் பார்த்து மெச்சினார்கள். யார் செய்தது என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஷெல்டனைக் காட்டினார். ஷெல்டன் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, செய்த வேலையைப் பார்க்கும் சாக்கில் மேலே பார்த்தார்.

நுனியில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் காற்றில் விலகியது. சட்டம் சேரும் இடம் கறுப்பாக, வழவழவென்று, இரும்பு முளைத்து வந்தது போல இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது காதில் தப்பு மேளச் சத்தம் நின்றுபோனது. இரும்புக் கை கீழே இறங்கும்போது அந்தக் கறுப்பில் தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தது. மேலே ஏறும்போது மறைந்தது. இறங்கினால் தெரிந்தது. ஏறினால் மறைந்தது. விரிந்தது பட்டி மட்டும்தானா, உள்ளே இரும்பும் சேர்ந்தா? கீழே நின்று யாராலும் சொல்ல முடியாது. பட்டி மட்டும்தான் என்று தன்னிடமே சாதித்துப் பார்த்தார். அந்த விலைக்கு அவரே ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த நுனி ஒடிந்தால் புவனேந்திரன் தார் ரோட்டில் முகம் குப்புற விழுவார். சட்டமும் சேர்ந்து முதுகின் மேல் விழும். கீழே அவர் மனைவியும் பிள்ளையும்.

கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் ரோட்டு மட்டம். அதைத் தாண்டினால் மழை தின்ற வளைவு, பள்ளம் பள்ளமாக. டிரக்டர் அங்கே ஒரு குலுக்குக் குலுக்கும். மடுவத்தின் தகரக் கூரை இங்கிருந்தே தெரிந்தது.

ஷெல்டன் ஓடினார். டிரக்டர் முன்னால் பாய்ந்து கையை விரிக்கத்தான் கால் போனது. பாதியில் கால் நின்றது. முன்னால் போய் விழுந்தால் டிரைவர் பிரேக் அடிப்பான். பிரேக் அடித்தால் இரும்புக் கை சடக்கென்று குலுங்கும். காப்பாற்றப் போகிறவனே கொன்றுவிடுவான். வாயைத் திறந்து கத்தவும் பயமாக இருந்தது. கத்தினால் பின்னால் கயிறு பிடித்தவர்கள் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடலாம். அவர்கள் அருளில் இருந்தார்கள், கண் செருகியிருந்தது, இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே ஷெல்டன் கலியாண வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, மட்கார்டைப் பிடித்தபடி டிரக்டர் கூடவே நடந்தார். டிரைவர் நௌபர், பதுளைப் பையன்களுக்கு வாகனம் பழக்குகிறவர், குனிந்து காது கொடுத்தார்.

"பிரேக்ல கால வைக்காத, நௌபர். மெல்ல மெல்ல வேகத்தக் கொற. மடுவத்துக்கிட்ட தானா நிக்கட்டும்."

"ஏன் மொதலாளி, டயரா?"

கேட்காமலே கையில் வைக்கப்பட்ட பொய். ஆளும் இறங்குவான், பேரும் நிற்கும். ஷெல்டன் ஆமாம் என்று தலையாட்டினார்.

மடுவத்துக்கு முன்னால் டிரக்டர் தூங்கிப்போவது போல நின்றது. மேலே கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீரசிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டயர் என்று நௌபர் சொன்னார். கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவரிடம் டயர் என்று சொன்னால் அவர் டயரைப் பார்ப்பார். ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, சாமியை நடு ரோட்டில் நிறுத்தாதே, எடு வண்டியை என்றார். நௌபர் ஷெல்டனைப் பார்த்தார். கை கியரில் இருந்தது.

உண்மையை முதல் விலையாகச் சொல்லக் கூடாது என்பது சந்தை வழக்கம். ஷெல்டனிடம் சொல்ல வேறு விலை மிச்சமில்லை. சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் இனிமேல் அவரிடம் வர வேண்டியவர்கள். வீரசிங்கத்தின் காதோரம் போய், மெதுவாகத்தான் சொன்னார்.

"எறக்கிருங்க ஐயா. என் ஒட்டு தாங்காது."

வீரசிங்கம் அவரையே பார்த்தார். "ஒட்டுப் போட்டப்ப தாங்கும்னீங்க."

"அப்பத் தாங்கிச்சுங்க. இப்ப மேடு இல்ல. அந்தக் கோட்டப் பாருங்க. ஆட்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க, கையெடுத்துக் கும்புடுறேன்."

வீரசிங்கம் அண்ணாந்து பார்த்தார். கோடு தெரிந்தது, மறைந்தது. பிறகு அவர் செய்ததை ஷெல்டன் சாகும்வரை மறக்க மாட்டார். அவரும் கத்தவில்லை. தப்புக்காரர்களிடம் போய் விரலை மெல்லத் தாழ்த்திக் காட்டினார். அடி குறைந்தது. அடி குறையக் குறையக் கயிறு பிடித்தவர்களின் ஆட்டமும் குறைந்தது. கை அசையாமல் நின்றது.

இனி இறக்க வேண்டும். பின்னால் கயிறை இளக்க இளக்க, முன் நுனி சாண் சாணாக இறங்கி வந்தது. கீழே ஆட்கள் கை நீட்டிக் காத்திருந்தார்கள். ஷெல்டன் நேராக நுனிக்கு அடியில் போய் நின்றார். துணிச்சல் இல்லை அது. கால் அங்கேயே ஊன்றிவிட்டது. பாதி தூரத்தில் இரும்பு 'கிர்' என்று ஒரு சத்தம் போட்டது. அதை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஷெல்டன் எந்தச் சாமியைக் கூப்பிடுகிறோம் என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டார். அடுத்து அவர் தோளில் புவனேந்திரனின் நெஞ்சு வந்து படிந்தது. சூடாக, வியர்வையும் விபூதியுமாக, முழு ஆளாக.

கொக்கிக் கயிறுகளைச் சட்டத்திலிருந்து அவிழ்த்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வேதக்காரன் சாமி காரியத்தில் குறுக்கே விழுந்துவிட்டான் என்று ஒரு குரல் தெளிவாகவே கேட்டது. வீரசிங்கம் கட்டைவிரலால் அந்த ஒட்டை அழுத்தினார். பட்டி பிஸ்கட் போல உதிர்ந்தது. அடியில் இரும்பு பாதி வட்டத்துக்கு வாய் பிளந்திருந்தது. குரல் அடங்கியது. விஜயலெட்சுமி ஒருமுறை பார்த்துவிட்டு மகளின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

புவனேந்திரனும் பார்த்தார். அருள் பாதி இறங்கிய கண்.

"நாந்தான் தேச்சேன் மொதலாளி. கரடுமுரடா இருந்திச்சு. சாமி காரியமாச்சே, கை வழுக்கட்டும்னு."

திட்டுவதற்கு ஆளைத் தேடினால் அது சுற்றிச் சுற்றி ஷெல்டனிடமே வந்தது.

நேர்த்தி பாதியில் நின்றால் தெய்வக் குற்றம். பறக்க முடியாவிட்டால் நடக்கலாம் என்று பூசாரி வழி சொன்னார். முதுகுக் கொக்கிகளின் கயிறுகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். நேர்த்திக்காரர் அந்த இழுவைக்கு எதிராகக் கோயில் வரை ஏற வேண்டும். வீரசிங்கம் கயிறுகளைச் சேர்த்து முறுக்கி ஷெல்டன் முன்னால் நீட்டினார்.

"நான் வேதக்காரன்ங்க ஐயா."

"தெரியும். இந்தக் கொக்கியில எம்புட்டுப் பாரம் தாங்கும்னு பயந்தவரு இங்க நீங்க ஒருத்தருதான். பயப்படாதவன் கையில இதக் குடுக்க மாட்டேன்."

ஷெல்டன் கயிறைச் சுற்றிப் பிடித்தார். மறு நுனியில் தோல் இருந்தது. வெல்டிங் இல்லை, பட்டி இல்லை, வெறும் தோல். தப்பு மறுபடி எழுந்தது. புவனேந்திரன் முன்னால் சாய்ந்து காலை எடுத்து வைத்தார். ஷெல்டன் கயிறை இளக்கி இளக்கிக் கொடுத்தபடி பின்னால் போனார்.

புவனேந்திரன் திரும்பாமலே சொன்னார். "இப்படி விட்டீங்கன்னா இது நேர்த்தி இல்ல மொதலாளி. இழுங்க."

ஷெல்டன் இழுத்தார். தோல் கூடாரமாக எழும்பியது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். முடியவில்லை. ரோட்டில் பள்ளம் பள்ளமாக இருந்தது, ஒவ்வொன்றையும் பார்த்து நடக்க வேண்டியிருந்தது.