படிக்கட்டுக்கு அடியில் கந்தல் வாளி

அந்த வீட்டில் ஒரு பனியனின் ஆயுள் முடிந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தையல்காரியின் கணவருக்கு மட்டும்தான் இருந்தது. அவர் குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவர். நாள் முழுக்கத் தெருத் தெருவாகச் சைக்கிளில் சுற்றுகிறவர். அந்தச் சைக்கிள்மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க கட்டிக்கிட்டது என்னையா, இதையா?” என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டதுண்டு. அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

சைக்கிள் துடைக்கக் கடையில் துணி வாங்குவது அநியாயம் என்பது அவர் கட்சி. வீட்டிலேதான் துணிக்குப் பஞ்சமில்லையே! முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் உடுப்புகளைப் பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும் அவள் வேலை. மெஷினடியில் விழும் துண்டுகளை அவர் சாயங்காலம் குந்தி உட்கார்ந்து பொறுக்குவார். பாலியஸ்டரைத் தொடமாட்டார். “இது எண்ணெயைக் குடிக்காது, பூசித்தான் விடும்.” ஜீன்ஸ் துண்டும் ஆகாது, மடிப்புத் தையல் பெயின்டைக் கீறிவிடும். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திதான் அவருக்கு உசத்தி. அதில் பழைய பனியனை அடிக்க ஆளில்லை.

புதுக் கந்தல் முதலில் சைக்கிளின் சட்டத்தைத் துடைக்கும். அழுக்கேறினால் ரிம்முக்குப் போகும். அதுவும் கறுத்தால் செயினுக்கு. “உத்தியோகத்துல பதவி இறக்கம்மா, வேறென்ன?” என்பார். செயினைத் துடைத்ததைக்கூட எறிய மனம் வராது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்து, வாளி நிறைந்ததும் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து, மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

அவருக்குக் ‘கந்தல் மாமா’ என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. பேக்கரியில் ராத்திரி வேலை பார்ப்பவன். அவர்களோடுதான் தங்கியிருந்தான். “அக்கா, கந்தல் மாமா வர்றதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடறேன். கழட்டிப் போட்ட பனியன் திரும்பி வர்றப்ப நாலு துண்டா இருக்கு” என்பான். மாமாவும் சிரித்துக்கொள்வார். மாமனுக்கும் மச்சானுக்கும் அதுவரை முகம் கோணியதே கிடையாது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன், தைத்த துணிகள் நனையாமல் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, சைக்கிள் கேரியரில் பொருத்த அவரே ஒரு மரப்பெட்டி செய்தார். ஹார்டுவேர் கடைக்காரர் ஆளிவிதை எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இதைத் தேய்ச்சு விடுங்க, மரத்துல தண்ணியே ஏறாது” என்றார். இவரும் ஒரு விடுமுறை நாள் காலையில் நல்ல நல்ல பனியன் துண்டுகளாக எடுத்து எண்ணெயில் நனைத்து, பெட்டியைத் தேய்தேய் என்று தேய்த்தார். வேலை முடிந்ததும் துண்டுகளைப் பந்தாகச் சுருட்டி வழக்கம்போல வாளியில் திணித்துவிட்டு, பெட்டியோடு எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிற்பகலில் அவள் ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கருகுகிற வாசனை. இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டோமோ என்று தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால், நடைக் கதவின் இடுக்கு வழியாகக் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். படிக்கட்டுக்கு அடியில் தீ நின்று எரிந்தது. மேலே மரப்படி. படிக்கு மேலே மாடியில் வீட்டுக்காரம்மா. முழங்கால் வலியோடு, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாதவர்.

“டேய் தம்பி!” என்று அவள் போட்ட கூச்சலில், தூங்கிக்கொண்டிருந்த தம்பி அலறி எழுந்து ஓடிவந்தான். குளியலறைக்கும் படிக்கட்டுக்குமாக ஓடி ஓடித் தண்ணீரை வீசினான். கையில் தணல் விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. தெருக்காரர்கள் கூடினார்கள். தீயணைப்புப் படையினர் வந்து, ஜன்னலில் ஏணி போட்டு, வீட்டுக்காரம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். இருமி இருமி அந்தம்மாவுக்குக் கண் செருகிக்கொண்டு போயிற்று. பிறகு மூச்சு வந்தது. தெருவே மூச்சு விட்டது.

எல்லாம் அணைந்த பிறகு தீயணைப்பு அதிகாரி வாளி இருந்த இடத்தைப் பார்த்தார். வாளி உருகித் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. எதிர்ச் சுவரோரம் குனிந்து எதையோ பொறுக்கி எடுத்தார். ஒரு சிகரெட் துண்டு.

“வீட்டுல யாரு சிகரெட் குடிக்கிறது?”

எல்லார் கண்ணும் தம்பிமேல் போயிற்று.

அதற்குள் கணவரும் வந்து சேர்ந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. கரிந்த படியையே பார்த்துக்கொண்டு, “எத்தனையோ வருஷமா அந்த வாளி அங்கதான் இருக்கு. தானாவா பத்திக்கும்?” என்று மட்டும் சொன்னார்.

அவள்தான் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். “உண்மையைச் சொல்லு. இன்னைக்கு இங்க நின்னு குடிச்சியா?”

“இல்லக்கா.”

“என் கண்ணைப் பார்த்துச் சொல்லுடா.”

“இல்லைன்னா இல்லக்கா.”

அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். அந்தப் பொய்தான் அவளை உலுக்கிப்போட்டது. “அந்தம்மா போய்ச் சேர்ந்திருந்தா என்னடா பண்ணியிருப்பே? கொலைகாரன்னு சொல்ல மாட்டாங்க? போ. என் மூஞ்சியிலயே முழிக்காதே!”

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேக்கரியில் மாவு மூட்டை அடுக்குகிற அறையில் படுத்துக்கொள்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டாள். கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கவில்லை.

படியைச் செப்பனிட்டார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்த வீட்டுக்காரம்மா திரும்பி வந்தார். ஆச்சரியம் என்னவென்றால், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று இவர்கள் பயந்துகொண்டிருக்க, அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தம்பியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

கணவர் வாளியை விட்டுவிட்டு, பழைய பெயின்ட் தகரம் ஒன்றைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்தார். அங்கே யாரும் சிகரெட்டோடு வரப்போவதில்லை என்ற தைரியம். அடுத்த விடுமுறைக்கு மரப்பெட்டிக்கு இரண்டாம் தடவை எண்ணெய் தேய்த்து, துண்டுகளைச் சுருட்டித் தகரத்தில் போட்டார்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு, கந்தலை ஊறப்போடலாம் என்று அவள் தகரத்துக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த துணிபோல இருந்தது உள்ளே.

“என்னங்க, இதை வெயில்ல வெச்சீங்களா?”

“இல்லையே. காலையில இருந்து நிழல்லதான் இருக்கு.”

“சுடுதுங்க.”

“துணி எங்கேயாவது தானா சுடுமா?” என்று சிரித்தபடியே வந்தவர், கையை விட்டு அந்தப் பந்தை வெளியே எடுத்தார். சூடு தாங்காமல் அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாற்றினார். பிரித்தார். வெளித்துண்டு வெள்ளையாக இருந்தது. அதற்குள் இருந்தது மஞ்சள். நடுவில் இருந்தது பழுப்பேறி, ஓரம் கறுத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலாகப் புகையை விட்டது. அன்றைக்கு நடைக் கதவு இடுக்கில் வந்த அதே வாசனை.

அவர் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. அவள் ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். சுர்ரென்றது. இரண்டு பேரும் ஈரத்தில் நின்றார்கள்.

“யாரும் பத்த வைக்கலை” என்றார் அவர். குரல் அவருடையதாகவே இல்லை. “இந்த எண்ணெய்தான்மா. இத்தனை வருஷமா இல்லாதது இது ஒண்ணுதான். நான்தான்… நான்தான் சுருட்டி வெச்சேன்.”

தம்பியிடம் தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து தன் கன்னத்திலேயே அறைந்த மாதிரி இருந்தது. “கிளம்புங்க” என்றாள். ஈரப் புடவையோடு அப்படியே கிளம்பினாள்.

வழியில் ஹார்டுவேர் கடை. கணவர் சைக்கிளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் ஆணியை எடைபோட்டபடியே, “ஐயையோ, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டியெல்லாம் வைக்கக் கூடாதுங்க. காயக் காய உள்ளுக்குள்ளயே சூடேறிக்கும். விரிச்சுக் காயப் போடணும், இல்ல தண்ணியில முக்கி வைக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவள் கணவருக்குக் காத்திராமல் பேக்கரிப் பக்கம் நடந்தாள்.

தம்பி பேக்கரியின் பின்வாசலில் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மணிக்கட்டில் தீக்காயத்தின் தழும்பு. அக்காவையும் மாமாவையும் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“தீ உன்னால இல்லடா” என்றாள் அவள். மற்றதை மாமாதான் சொன்னார். தகரம், எண்ணெய், புகை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, “என்னை மன்னிச்சிடு மாப்ளே” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் அந்தக் கையையே பார்த்தான். “அப்ப நான் இல்லையா?”

“இல்லடா.”

“நிஜமாவா மாமா? நான் இல்லையா?”

அவன் மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தான். “அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். படிக்கட்டுகிட்டதான் நின்னு குடிச்சேன். செவுத்துல தேய்ச்சு அணைச்சேன்னு ஞாபகம். ஆனா அணைச்சேனா, எங்க போட்டேன், ஒண்ணும் உறுதியாத் தெரியலை. கண்ணை மூடினா அந்தம்மாவை ஏணியில இறக்கினதுதான் வருது. நானேதான் பத்த வெச்சேன்னு முடிவே பண்ணிட்டேன்க்கா.”

“என்னடா சொல்றே?”

“அவங்க மக வீட்டுக்குப் போய் அந்தம்மா கால்ல விழுந்துட்டு வந்தேன். நான்தான் பண்ணினேன், போலீஸ்ல சொன்னாலும் சரின்னேன். அவங்க திட்டலை. எழுந்திரு, உங்க அக்காகிட்ட சொல்லிக்காதே, தாங்க மாட்டாள்னாங்க.”

செய்யாத குற்றத்துக்கு இவன் காலில் விழுந்திருக்கிறான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தம்மா இத்தனை நாளும் தங்கள் தலைக்கு மேலே நடமாடிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறார். தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் தலைமயிரெல்லாம் மாவு. உள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

அவன் அன்றே வந்துவிடவில்லை. “ரெண்டு நாள் போகட்டும்க்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்” என்றான். சொன்னபடி வந்தான். ஆனால் வெகு நாள்வரை அவளால் அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சோறு போட முடியவில்லை.

அன்று பேக்கரியிலிருந்து திரும்பிய கையோடு அவளும் கணவரும் மாடிக்குப் போனார்கள். கணவர் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். வீட்டுக்காரம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

“அவன் பண்ணலையா?” என்றார். “அப்ப நான் ராவெல்லாம் புரண்டு, மனசைக் கல்லாக்கிக்கிட்டு அவனை மன்னிச்சேனே… அதை இப்ப யாருக்குக் குடுக்கிறது?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் குடுங்கம்மா” என்றார்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தபோது அது அழுகையாக வந்தது.