முதல் பந்தி

கிழவன் செத்து நான்கு நாள் ஆகிறது, குட்டச்சி இன்னும் ஒரு வாய் தொடவில்லை. இருவரும் பூனைகள். தையற்கடையில் வெட்டுத்துணிக் கூடைக்குள் ஒன்பது வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலைன்னா குழாய் போட்டுத்தான் ஊட்டணும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு தெரியலை," என்று கால்நடை டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

"பூனைக்குத் துக்கமாவது மண்ணாவது! எல்லாம் கொழுப்பு," என்றார் தையல்காரர். சொன்ன கையோடு மீன், ஈரல், பால் என்று வரிசையாக வைத்துப் பார்த்தார். குட்டச்சி கப்பல் கவிழ்ந்தவள் போல இரண்டடி தள்ளியே உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளாகத் தன் சாப்பாட்டுத் தட்டும் மூடியபடியே திரும்பிப் போவதை அவர் கவனிக்கவில்லை.

துணை இல்லாமல்தானே ஏங்குகிறாள், துணையைத் தைத்துவிட்டால் போகிறது! போன குளிருக்குக் கிழவனுக்குச் சட்டை தைக்க எடுத்த அளவு நோட்டில் இருந்தது: கழுத்து ஒன்பது, மார்பு பதினாறு, வயிறு இருபது. சாம்பல் நிறக் கோட்டுத்துணியில் பஞ்சைத் திணித்து, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான் வைத்தார். அச்சு அசல் கிழவன் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். குட்டச்சி முகர்ந்தாள், சீறினாள், ஒரே அடியில் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டு அலமாரி மேல் ஏறிவிட்டாள்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை நிறுத்தினாள். "என்னங்க, அவ என்னிக்காவது முதல்ல சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பந்திக்கு முந்து என்பதை வேதமாகக் கொண்டவன் கிழவன். அவன் தின்று, மீசையைத் துடைத்து, அரை அடி நகர்ந்த பிறகுதான் இவள் வாய் வைப்பாள்.

"அப்ப என்ன செய்யறது?"

"யாராவது முதல்ல சாப்பிடணும். எனக்கு முட்டி வலி."

தையல்காரர் மண்டியிட்டுக் கிண்ணத்தில் முகத்தை வைத்துச் சப்புக்கொட்டினார். குட்டச்சி அசையவில்லை. ஒன்பது வருடம் பந்தி பார்த்தவளிடம் பாசாங்கு செல்லுமா? வேறு வழியின்றி உப்பில்லாத மீனை நிஜமாகவே கவ்வினார். கால்சட்டை வாங்க வந்த போலீஸ்காரர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"சாப்பிட்டுட்டிருக்காரு, உக்காருங்க," என்றாள் மனைவி.

தையல்காரர் மீசையைத் துடைத்துக்கொண்டு அரை அடி நகர்ந்தார். அலமாரியிலிருந்து குட்டச்சி இறங்கி வந்தாள். கிண்ணத்தை முகர்ந்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள், பிறகு தின்னத் தொடங்கினாள். கிண்ணம் காலியாகும் வரை அவர் தரையை விட்டு எழவில்லை.

"அவன் போயிட்டான்டி," என்றார். நான்கு நாளில் இப்போதுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கால்சட்டையோடு அவர் போன பிறகு மனைவி இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள். தன் தட்டிலிருந்து முதல் வாயைச் சாப்பிட்டாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், அரை அடி நகர்ந்து உட்கார்ந்தாள்.

தையல்காரர் தன் தட்டை இழுத்துக்கொண்டார்.