திறப்பு விழா காணாத ஸ்கேன்

வந்திருந்தவர்கள் ஐவர். நீள மேசையின் தலைப்பக்கத்தில், குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் படும் நாற்காலியில், கண் மருத்துவமனையின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் நிர்வாக அதிகாரி. விதிமுறைக் கோப்பை மடியிலிருந்து இறக்காதவர் என்பதால் எங்களுக்கு அவர் 'ரூல்ஸ்'. இடப்பக்கம் டாக்டரம்மா, நாற்காலியின் நுனியில். கதவருகே ஸ்கேன் டெக்னீஷியன்; அவருக்கு நாற்காலி போடப்படவில்லை. கடிதப் பிரிவு எழுத்தனான நான் சன்னலோரம், குறிப்பேட்டுடன்.

வெளியே நடைவழி பெஞ்சில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் அல்ல. ஆனால் டாக்டரம்மா வந்ததே அவருக்காகத்தான் என்பதால் அவரையும் குறித்துக்கொண்டேன்.

அவருக்கு இடது கண் போன வருடமே அணைந்துவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது, சொட்டுமருந்துக்கு அடங்கவில்லை. கண்மணியைச் சுற்றியிருக்கும் கருவிழித் திரைக்குப் பின்னால் ஏதோ இருந்துகொண்டு அதை முன்னுக்குத் தள்ளுகிறது, கண்ணுக்குள் நீர் வடியும் இடுக்கை அடைக்கிறது என்பது டாக்டரம்மாவின் சந்தேகம். அந்தத் திரையை வெளிச்சம் தாண்டாது. மிக நுண்ணிய ஒலியை அனுப்பிப் படம் எடுக்கும் ஸ்கேன்தான் தாண்டும்.

அந்த மெஷின் எங்களிடம் இருந்தது. பக்கத்து அறையில், மூன்று மாதமாக, துணி போர்த்தி. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. தேதி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் பதினொன்று. அன்றைய கூட்டம் பன்னிரண்டாவதைப் பற்றி.

"சார், இன்னும் ஒரு வாரம் போனா அந்தம்மாவுக்கு இருட்டுதான். அரை மணி நேரம் மெஷினைக் கொடுங்க" என்றார் டாக்டரம்மா.

"திறக்காத மெஷின்ல எப்படிங்க மேடம் பாக்கறது?" என்றார் ரூல்ஸ்.

"கண்ணு அழைப்பிதழ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?"

"சண்டை வேண்டாம்" என்றார் தலைவர். "முதல்ல அழைப்பிதழ் அட்டைக்குப் படம். அந்த மெஷின்லயே எடுத்த கண்ணுப் படம்."

"கம்பெனிக்காரங்க கொடுத்த மாதிரிப் படம் இருக்கு சார்" என்றார் டெக்னீஷியன்.

"எவனோ ஒருத்தன் கண்ணு நம்ம அட்டையில எதுக்குய்யா? என் கண்ணையே எடு."

ரூல்ஸ் கோப்பைப் புரட்டினார். விளம்பரத்துக்கு எடுப்பது சிகிச்சை ஆகாது, ஆகையால் பயன்பாடும் ஆகாது என்று கண்டுபிடித்தார்.

எல்லோரும் பக்கத்து அறைக்குப் போனோம். தலைவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் படுத்தார். முடி படத்தில் வராது என்று யாரும் சொல்லவில்லை. டெக்னீஷியன் மரமரப்புச் சொட்டு விட்டு, இமைகளுக்கு நடுவே அடியில்லாத ஒரு குட்டிக் கிண்ணத்தைப் பொருத்தி, உப்புநீர் ஊற்றி, அதற்குள் ஸ்கேன் முனையை மெல்ல நகர்த்தினார்.

திரையில் படம் வந்தது. டெக்னீஷியன் திரையை டாக்டரம்மா பக்கம் திருப்பினார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"சார், உங்க இடுக்கும் மூடற நிலையில இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில லேசர் வச்சு ஒரு சின்ன ஓட்டை போட்டா சரியாயிடும். தள்ளிப்போடாதீங்க."

"எனக்கா? மெஷின் தப்புங்க. மூணு மாசம் சும்மா கிடந்ததுல கெட்டுப்போயிருக்கும்."

"அப்படின்னா இன்னொரு கண்ணை வச்சுப் பாத்துடலாம் சார்" என்றார் டாக்டரம்மா.

"சோதனை ஓட்டத்துக்கு விதியில இடமிருக்கு" என்றார் ரூல்ஸ், பக்கத்தைத் தொட்டுக் காட்டி.

"வெளியில யாராவது இருந்தா கூப்பிடு!" என்றார் தலைவர்.

தையல்காரம்மா வந்து படுத்தார்.

"அசையாம இருங்கம்மா" என்றார் டெக்னீஷியன்.

"தினமும் ஊசிக்காதோட மல்லுக்கட்டறவ தம்பி நான். நீங்க கை நடுங்காம பாத்துக்குங்க."

கருவிழித் திரைக்குப் பின்னால், கறுப்பாக, வட்டமாக ஒரு குமிழ் தெரிந்தது. டாக்டரம்மா இரண்டு முறை அளந்தார்.

"நீர்க்கட்டிதாம்மா. பாத்தா கெட்ட கட்டி மாதிரி இல்ல. இதை உடைச்சுவிட்டா அழுத்தம் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போகணும்."

"கண்ணு தங்குமா டாக்டர்?"

"இன்னிக்கு இருக்கற பார்வையைப் பிடிச்சு வைக்கலாம்."

தலைவர் நீர் வழியும் கண்ணைத் துடைத்தபடி, "அப்ப மெஷின் சரியா?" என்றார். குரல் கீழே இறங்கியிருந்தது.

"சரிதான் சார். உங்க படமும் சரிதான்."

தலைவர் உடனே என் பக்கம் திரும்பினார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுய்யா. என் படத்தை வச்சு அனுப்பு."

"அந்தம்மாவோடது?" என்றார் டாக்டரம்மா.

"சோதனை ஓட்டத்துப் படம் வெளியில போகக் கூடாது மேடம். விழா முடியட்டும்" என்றார் ரூல்ஸ்.

படத்தோடு அனுப்ப வேண்டிய ஸ்கேன் அறிக்கைத் தாளை நான் நீட்டினேன். "ஐயா, இதுல மெஷின் பயன்பாட்டுக்கு வந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா அங்க வாங்க மாட்டாங்க. இன்னிக்குத் தேதி போட்டா உங்க படம் செல்லும். அந்தம்மாவோடதும் இன்னிக்கு எடுத்ததுதான்."

தலைவர் ரூல்ஸைப் பார்த்தார். ரூல்ஸ் கோப்பைப் பார்த்தார். கோப்பு ஒன்றும் சொல்லவில்லை.

"போடுய்யா" என்றார் தலைவர்.

"சார், விழா?" என்றார் ரூல்ஸ்.

"அதை வைக்கிறப்ப வை. யாரு வேண்டாம்னா?"

இரண்டு நோயாளிகளுக்கும் ஒரே கடிதமாக எழுதினேன். தலைவர் ஒற்றைக் கண்ணால் வாசித்தார்.

"என் பேரு ஏன் ரெண்டாவதா இருக்கு?"

"அவசர வரிசைங்க ஐயா. டாக்டரம்மா சொன்னாங்க."

கொஞ்ச நேரம் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு கையெழுத்து விழுந்தது. படங்கள் இரண்டையும் உள்ளே வைத்து, உறையை ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படத் தயாராக இருந்த வண்டியின் ஓட்டுநரிடம் கொடுத்தேன். தையல்காரம்மா அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.