நாற்பத்தாறு விநாடி

பிரசவமாகி நாற்பது நாள் முடிந்ததும் நஜ்முன்னிசா அக்காவையும் பிள்ளையையும் பாலக்கரைக்கு அழைத்துப் போக மச்சான் வீட்டார் வருவதாக இருந்தது. அங்கேதான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். அடுத்த நாள் சுன்னத், விருந்து. ஆட்டுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கார் வரவில்லை, மச்சானின் அம்மா, மாமியின் போன்தான் வந்தது.

சுன்னத்துக்காக மச்சான் பிள்ளையை லேபுக்குத் தூக்கிப் போய் அதன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். ரத்தம் உறைய நாற்பத்தாறு விநாடி ஆகிறதாம். முப்பத்தாறைத் தாண்டக் கூடாதாம்.

"தாய் வழியா வர்ற வியாதியா இருக்கலாம்னு லேப்ல சொன்னாங்க. எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்ல. நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் மாமி. அம்மா போனைப் பிடித்தபடியே அழுதாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"விருந்து இல்லையாம். நீ இங்கேயே இருக்கணுமாம்."

"எதுவரைக்கும்?"

அக்கா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். "ரிப்போர்ட்ட எடுத்துட்டு ஸ்ரீரங்கம் டாக்டர்கிட்ட வரச் சொல்லு, உங்க மச்சான" என்றாள் தங்கையான என்னிடம்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. குழந்தை மருத்துவர் ஆனந்தவள்ளியின் வாசலில் மச்சான் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார். "கொடி விழுந்தப்ப ரத்தம் கசிஞ்சுதா?"

"இல்லைங்க."

"உங்க கூடப் பிறந்த ஆம்பளைங்க யாருக்காவது?"

"ஒரு தம்பி, ஜைத். பைக்லேருந்து விழுந்து தையல் போட்டாங்க. ரத்தம் உடனே நின்னுச்சு, வாய்தான் நிக்கல."

டாக்டர் சிரித்தபடி ரிப்போர்ட்டைப் பிரித்தார். "நஸ்ருல்லா யாரு?"

"நான்தாங்க" என்றார் மச்சான். "பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. அதான் என் பேரக் கொடுத்தேன்."

"வயசு இருபத்தொன்பது?"

"கேட்டாங்க, சொன்னேன்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "உங்க வயசையா சொன்னீங்க?"

"பெரிய ஆள்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெரியவங்க அளவைப் போட்டிருக்கு" என்றார் டாக்டர். "பச்சைக் குழந்தைக்கு ஈரல் இன்னும் முதிரலைம்மா. ரத்தத்த உறைய வைக்கிற பொருள் பலதும் கம்மியாத்தான் இருக்கும், நேரமும் கூடத்தான் ஆகும். இந்த வயசுக்கு நாற்பத்தாறு சாதாரணம். இருந்தாலும் சரியான வயசப் போட்டு மறுபடி பாத்துடலாம். தாய் வழி வியாதிக்குத் தனி டெஸ்ட் இருக்கு, வேணும்னா அதையும்."

"எடுங்க டாக்டர். எல்லாத்தையும் எடுங்க" என்றாள் அக்கா.

அந்த வாரமே முடிவுகள் வந்தன. வியாதி எதுவும் இல்லை, தாராளமாகச் சுன்னத் செய்யலாம் என்றார் டாக்டர். மச்சான் உடனே வீட்டுக்குப் போன் போடப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"போன்ல பேசினது போதும். மாமிய நேர்ல வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை எங்கள் தெருவில் கார் வந்து நின்றது. மாமி வாசலிலேயே, "வாம்மா, போலாம்" என்றார்.

"உள்ள வாங்க மாமி. முதல்ல எங்க அம்மாகிட்ட பேசுங்க."

மாமி செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் பேசிட்டேன் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தாள்.

பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டதும் மாமிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "எங்க வம்சத்து ரத்தம், குறை வருமா?"

"ரெண்டு வீட்டு ரத்தம் மாமி" என்றாள் அக்கா.

"ரெண்டு வீட்டு ரத்தம்தான்" என்றார் மாமி. ஜைத் மட்டும் சத்தமாகச் சிரித்தான். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு காரில் மாமி வழக்கமாக உட்காரும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.