வாய்ப்பூட்டும் சார்ஜ் தட்டும்

வயரே இல்லாமல் மின்சாரப் பேருந்துக்குச் சார்ஜ் ஏறும் என்று சொல்லி, தையல் கடையை ஒட்டிய நிறுத்தத்தில் சாலையைத் தோண்டி ஒரு தட்டைப் புதைத்தார்கள். அதற்கு நேர் மேலே பேருந்து நின்றால் போதும், வண்டியின் வயிற்றில் இருக்கும் இன்னொரு தட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். கையகலம் விலகினாலும் ஏறாது. அதற்காகவே வெள்ளைக் கோடும் போட்டிருந்தார்கள். பேருந்து வந்தது, நின்றது, போனது. சார்ஜ் மட்டும் ஏறியபாடில்லை.

தட்டு பதித்த இன்ஜினியர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். பேருந்து ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தோண்டித் தோண்டி இரண்டு முறை தட்டை மாற்றினார். “கோட்டுலதானே நிறுத்துறீங்க?” என்று டிரைவரிடம் கேட்டதற்கு, டிரைவர் பலமாகத் தலையாட்டினான். தெருவே அவனுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தது. அந்தத் தலையாட்டலே பெரிய சொற்பொழிவு என்று இன்ஜினியரும் நம்பிவிட்டார்.

உண்மை தையற்காரிக்குத் தெரியும். வாய்ப்பூட்டு ஒருநாளும் கோட்டில் நிறுத்தியதில்லை. பத்தடி முன்னாலேயே, அவள் உட்கார்ந்து தைக்கும் ஜன்னலுக்கு நேராக நிறுத்துவான். சாலையைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

ஒருநாள் இன்ஜினியர் அறுந்த பொத்தானோடு கடைக்கு வந்தார்.

“மூணாவது தட்டும் போட்டாச்சுக்கா. இந்த வாரமும் ஏறலேன்னா இந்த பஸ்ஸ வேற ரூட்டுக்கு மாத்திடுவாங்க. டிரைவரையும் சேத்துதான்.”

அவள் பொத்தானைச் சட்டையின் உட்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அவர் போன பிறகு, பொத்தானுக்குக் காஜா போடும் தங்கை சிரித்தாள்.

“கோளாறு தட்டுல இல்லக்கா, உன் மூஞ்சிலதான் இருக்கு. இன்ஜினியர்கிட்ட சொல்லிடவா?”

“வாய மூடுடி. பொய்யாத் தலையாட்டுனார்னு தெரிஞ்சா அவர் வேலைக்கே உலை வைப்பாங்க. தெருவே என்னப் பாத்துச் சிரிக்கும். வா, மெஷினத் தூக்கு.”

கடையின் அடுத்த கோடியில் இன்னொரு ஜன்னல் இருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு நேராக இருந்தாலும், துணிமூட்டைகள் அதை முழுசாக அடைத்திருந்தன. அக்காவும் தங்கையும் மூட்டைகளை அள்ளி எறிந்துவிட்டுத் தையல் மெஷினை அங்கே நகர்த்தினார்கள்.

மறுநாள் பேருந்து வழக்கமான இடத்துக்கு வந்து வேகம் குறைத்தது. ஜன்னல் காலி. டிரைவரின் முகம் செத்துப்போயிற்று. பின்னாலிருந்து பயணிகள் கத்தக் கத்த, வண்டி எறும்பாக ஊர்ந்தது. அடுத்த ஜன்னலில் அவள் தலை தெரிந்ததும் அழுத்தினான் ஒரு பிரேக். முன்சக்கரம் கோட்டைத் தொட்டது. வண்டிக்குள் இதுவரை எரியாத பச்சை விளக்கு எரிந்தது.

வாய்ப்பூட்டு கீழே இறங்கி நேராகக் கடை வாசலுக்கு வந்தான். அவள் மெஷினை நிறுத்தினாள். கேட்காமல் விடவில்லை.

“இவ்ளோ நாளா ஜன்னல்கிட்டயே நிறுத்துனீங்களே, ஒரு தடவையாவது இறங்கி வரணும்னு தோணலையா?”

“சார்ஜ் ஏறும்போது மட்டும்தாங்க இறங்கலாம். மத்த நேரம் சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“அப்ப கோட்டுலயே நிறுத்தியிருக்கலாமே.”

“அங்க நிறுத்துனா நீங்க தெரிய மாட்டீங்களே.”

தங்கை ஒரு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அக்கா அவளை முறைத்துவிட்டு டேப்பை எடுத்தாள்.

“சார்ஜ் எவ்ளோ நேரம் ஏறும்?”

“பத்து நிமிஷங்க.”

“சட்டை தோள்ல இழுக்குது. நேரா நில்லுங்க, அளவெடுத்து ஒண்ணு தைச்சுத் தரேன்.”

மூன்றாவது தட்டின் மகிமையை இன்ஜினியர் மேலதிகாரிகளிடம் அளந்துகொண்டிருந்தார். தையற்காரியோ, கண் மூடித் திறப்பதற்குள் அளவெடுத்துவிடுவாள் என்று பெயர் எடுத்தவள். அந்த ஒரு சட்டைக்கு அளவெடுத்து முடிக்க அவளுக்கு முழுசாக ஒரு வாரம் பிடித்தது.