ஆறின வரம்பு

1979 மாரிப் போகத்தில், வரிப்பத்தான்சேனையில் றபீக்காவின் காற்புண்ணை நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரி சுரண்டிய அன்று, அவளுடைய ஒரு ஏக்கர் வயலின் வரம்பு நான்கு பக்கமும் ஒரு முழம் தள்ளிப் போனது. அடுத்த வயல்காரர் வேலப்போடி கயிறு பிடித்து அளந்தார். அவருடைய காணியில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தன் வேலைக்குப் போனார்.

புண் கணைக்காலில் ஒரு பருவாகத் தொடங்கியிருந்தது. ஓரம் ஊதா நிறம். அடியால் அரித்துக்கொண்டே போனது. றபீக்காவின் புருசன் மீராசா வயல் செய்கிறவர். வரம்பென்றாலும் புண்ணென்றாலும் ஓரம் செதுக்காவிட்டால் உருப்படாது என்பது அவர் எண்ணம். அவர்தான் பரிசாரியைத் திரும்பத் திரும்பக் கூட்டிவந்தார். செதுக்கச் செதுக்கப் புண் அகன்றது, வயலும் அகன்றது. இரண்டு வருசத்தில் ஒன்றரை ஏக்கர். மூத்தவள் ஸகியாவுக்கு அதில் ஒரு ஏக்கரைச் சீதனமாக எழுதிக் கலியாணம் முடித்தார்கள். சுகம் விசாரிக்க வந்த சனம் வயலையும் பார்த்துவிட்டுப் போனது.

1981இல் அவளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, நோய் காலில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது, கத்தி பட்டால் புண் பெருக்கும், இனித் தொடவேண்டாம் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார். பஸ்ஸில் மீராசா தான் வெட்டுவித்த தடவைகளை விரல் மடித்து எண்ணினார். குளிசைச் சரையை மடியில் வைத்திருந்த றபீக்கா காரைதீவு தாண்டியதும் சொன்னாள்:

"இஞ்சாருங்க, இளையவ நதீராக்கு அரை ஏக்கர்தான் மிச்சம். அதுவும் ஒரு ஏக்கராகும்வரைக்கும் வெட்டச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு குளிசை போடுறன்."

மீராசா மறுத்தார். அவள் தானே பரிசாரிக்குத் திரும்பத் திரும்ப ஆளனுப்பினாள். புண் முழங்காலைத் தொட்டது. இளையவள் நதீராவின் பங்கும் ஒரு ஏக்கரானது. சொன்னபடி குளிசை போட்டாள். ஆறு மாதத்தில் புண் ஆறியது. இரத்தம் சுகப்படவில்லை. 1984 நோன்பு மாதத்தில் மௌத்தானாள். மீராசாவுக்கு அழுகை வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டார்.

அடுத்த வருசம் நதீராவைக் கலியாணம் முடித்த காலிதீன் மண்வெட்டியோடு வந்து, தன் முதற்போகத்துக்கு வரம்பைச் செதுக்கக் குனிந்தான். மீராசா அவன் கையைப் பிடித்தார்.

"அதுல வெட்டாதீங்க மருமகன். அது ஆறின இடம்."

காலிதீன் ஓம் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டான். அந்த வரம்பில் இன்றும் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஊரில் யாரும் ஏனென்று கேட்பதில்லை.