தொண்ணூறு தப்படி

புயல் வருகிறது என்று வானொலி சொன்னதும் ஊர் மகிழ்ந்தது. கடலுக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு பகல் பேருந்துப் பயணம். காற்றின் கோபமெல்லாம் வழியிலேயே தணிந்து, மழை மட்டும் தங்களிடம் வந்து சேரும் என்று ஊரார் நம்பினார்கள். மூன்று வருடமாக வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்ட ஊர் அது. எந்த மழையானாலும் சரி, யார் வீட்டு வழியாக வந்தாலும் சரி என்ற நிலைக்கு வந்திருந்தது.

தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டுச் செய்தியை முழுதாகக் கேட்டாள். ஊசிக்கு அடியில் ஒரு கால்சட்டையின் முழங்கால் இருந்தது. மூன்று வருடமாக அவளிடம் யாரும் புதுத்துணி கொண்டுவரவில்லை. முதல் வருடம் ஒட்டுப்போடக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் வருடம் ஒட்டின்மேல் ஒட்டு. இப்போது வருகிற துணிகளில் எது சட்டை, எது ஒட்டு என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

வெட்டிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் ஒரு மண்பானை. அதில் ஆறு படி விதைச்சோளம், சாம்பல் கலந்து, வாயில் துணி கட்டி வைத்திருந்தது. கணவன் உயிரோடு இருந்தபோது கடைசியாக அறுத்த விளைச்சலிலிருந்து எடுத்தது. இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை அந்தத் துணியை அவிழ்த்திருக்கிறாள். இரண்டு முறையும் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, போட ஒன்றும் இல்லை. இரண்டு முறையும் கைப்பிடிச் சோளத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, திரும்பக் கட்டிவிட்டு, வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். அந்த ஆறு படியும் போனால் அவளிடம் நிலம் இருக்கும், விதை இருக்காது.

அந்தப் பக்கத்து மண் கறுப்பு மண். மழை பெய்துவிட்டால் பசை மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதற்குள் ஈரம் பாதி போய்விடும். ஆகையால் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல மழை பெய்தால் பிழைப்பு. பெய்யாவிட்டால் எறும்புக்கு விருந்து. இரண்டையும்விட மோசம் அரைமழை. விதையைத் தட்டி எழுப்பி முளைக்கவைத்துவிட்டு, தண்ணீர் தராமல் போய்விடும்.

விதைக்கும் கருவி பூட்டிய டிராக்டர் ஊரில் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவனுக்கு டாப்கியர் என்று பெயர். அவன் வண்டி நடையைவிட வேகமாகப் போய் யாரும் பார்த்ததில்லை. செய்தி வந்த அன்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவன் தேவைப்பட்டான். பதினோராவது ஆளாக அவள் முறை வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. காற்று கிளம்பி, காடு முழுக்கப் புழுதி பறந்தது.

"அக்கா, உங்க நிலம் எங்க முடியுது? வரப்பையே காணோமே" என்றான் டாப்கியர்.

"மூணு வருஷமா மாடு நடந்து நடந்து தேஞ்சுபோச்சு. ரோட்டுல இருந்து தொண்ணூறு தப்படி. அதுக்கு அந்தாண்ட என் கொழுந்தன் நிலம்."

"தொண்ணூறா, நூறா? சரியாச் சொல்லுங்க."

"தொண்ணூறுப்பா. எங்க வீட்டுக்காரரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு."

டாப்கியர் சாலையிலிருந்து நீட்டி நடந்து எண்ணி, ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தான். அவள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு விதையைப் பெட்டியில் கொட்டினாள். முன்பெல்லாம் ஆறு படியில் இரண்டு படி மிஞ்சும். இந்த முறை பானையைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் போடவேண்டியிருந்தது. கருவி பழசாகிவிட்டது, கூடுதலாகக் கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். மூன்று வருடத்தில் முதல் தடவை. அண்ணன் போன பிறகு, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணற்றை ஆழப்படுத்துவதில் சண்டை வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. கிணறு அந்த வருடமே வற்றிவிட்டது. இப்போது இருவருக்கும் சரிபாதியாகத் தண்ணீர் இல்லை. ஆனாலும் சண்டை மட்டும் வற்றவில்லை. முன்பு அவனை 'நீ' என்று கூப்பிட்டவள், சண்டைக்குப் பிறகு 'நீங்க' என்றாள். அந்த மரியாதையில் அவ்வளவு கோபம் இருந்தது.

"அண்ணி, எங்க நிலத்துல யாரோ விதைச்சிருக்காங்க."

"நீங்க விதைச்சிருப்பீங்க."

"எங்ககிட்ட விதை ஏது? அதைப் போன வருஷமே அரைச்சுத் தின்னாச்சு." அவன் காட்டுப் பக்கம் கையைக் காட்டினான். "டாப்கியர்தானே தப்படி போட்டான்? அவன் காலைப் பாத்தீங்களா, ஒட்டகம் மாதிரி. அண்ணன் உயரம் என்ன? என் தோளுக்கு வருவாரு. அது அண்ணன் தப்படிக்குத் தொண்ணூறு, அண்ணி. இவன் தப்படிக்கு இல்ல. நாப்பது சாலுக்கு மேல எங்க பக்கம் விழுந்திருக்கு."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறில் இரண்டு படியாவது இருக்கும்.

"ஊருக்கெல்லாம் இஞ்சு டேப்பு வெச்சு அளவெடுக்கிற ஆளு நீங்க" என்று அவன் சிரித்தான். சிரிப்பில் விஷம் ஒன்றும் இல்லை. அவள் காதுக்கு மட்டும் அது விஷமாகவே கேட்டது.

"முளைச்சா எங்களுதுன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"முளைக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு வந்தேன்" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் அவள் மாவு சலிக்கிற சல்லடையையும் ஒரு டப்பாவையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். தெருவில் எல்லாரும் கூரையைக் கட்டுவதும், குடங்களை வாசலில் வரிசையாக வைப்பதுமாக இருந்தார்கள். அவள் மட்டும் கொழுந்தன் நிலத்தில் குந்தி, சாலிலிருந்து புழுதியை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினாள். புழுதி இறங்கியது. சிறு கட்டிகளும் நாலைந்து சோளமும் மேலே தங்கின. அவற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். ஒரு கை அகலத்துக்கு நாலைந்து விதை. நாற்பது சால். மழை வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. தன் விதை அவர்கள் மண்ணில் முளைத்து நிற்பதைப் பார்க்க அவளால் முடியாது. வேறு காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை.

இரண்டாவது சால் பாதியில் பின்னால் காலடி கேட்டது. ஓரகத்தி வந்துகொண்டிருந்தாள், கொழுந்தனின் மனைவி. அவள் கையிலும் ஒரு சல்லடை.

'நிலம் எங்களுது, எந்திரி' என்பாள் என்று தையற்காரி எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. ஆனால் ஓரகத்தி அடுத்த சாலில் உட்கார்ந்து புழுதியை அள்ளினாள்.

தையற்காரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"உன்னை யாரு வரச்சொன்னா?"

"யாரும் சொல்லல."

"உன் புருஷன் அனுப்பினானா?"

"அவரு கூரை மேல இருக்காரு. மேல ஏறினவருக்கு எறங்கத் தெரியல. ஏணியை நகத்தி வெச்சுட்டு வந்துட்டேன், கொஞ்ச நேரம் மழை வருதான்னு பாத்துட்டு இருக்கட்டும்."

தையற்காரிக்குச் சிரிப்பு வந்தது. அதைப் புழுதியில் இருமுவதுபோல் இருமி மறைத்தாள்.

"எதுக்கு வந்தேன்னு கேட்டேன்."

"ரெண்டு கைன்னா சீக்கிரம் முடியும்ல, அக்கா. எறும்பு வேற கெளம்பிருச்சு, பாருங்க."

எறும்புகள் நிஜமாகவே வரிசை கட்டிவிட்டன. அவற்றுக்கு முன்னால் போகவேண்டும் என்று இருவரும் வேகமாகச் சலித்தார்கள். ஓரகத்தியின் கை சுத்தமான கை. கட்டிக்குள் ஒளிந்த விதையையும் உடைத்து எடுத்தாள். பொறுக்கியதையெல்லாம் தன் மடியில் சேர்க்காமல், ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து டப்பாவில் போட்டாள். அப்படி எழுந்து எழுந்து வருவது இடுப்புக்கு எவ்வளவு வேலை என்று தையற்காரிக்குத் தெரியும். மடியில் போட்டால் சந்தேகப்படுவாள் என்றுதான் இவள் இப்படி நடக்கிறாள் என்பதும் சற்று நேரத்தில் புரிந்தது. புரிந்ததும் முகம் சுட்டது.

"மடியிலயே போட்டு வையேன். எத்தனை தடவை எந்திரிப்ப."

"பரவால்ல அக்கா."

"சொன்னாக் கேளு. நான் ஒண்ணும் மடியைத் தடவிப் பாக்க மாட்டேன்."

ஓரகத்தி அதன் பிறகு மடியில் போட்டாள்.

பிற்பகலுக்குள் இருபத்தைந்து சால் முடிந்தது. வானம் ஈயம் மாதிரி இறங்கி வந்தது. முதல் துளி சல்லடையில் விழுந்து புழுதியை உருட்டியது. ஓரகத்தி மடியிலிருந்ததை டப்பாவில் கொட்ட, தையற்காரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் ஓடி, பக்கத்திலிருந்த மோட்டார் அறைக்குள் புகுந்தார்கள். வற்றிப்போன அந்தப் பொதுக் கிணற்றின் மோட்டார் அறை அது. யார் பூட்டுப் போடுவது என்று தீராத வழக்கால் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது.

மழை தகரத்தில் விழுந்தது. ஊர்ப் பக்கம் கத்தலும் சிரிப்பும் கேட்டன. மண் மணத்தது. ஓரகத்தி கையை வெளியே நீட்டி நனைத்து முகத்தில் தேய்த்துக்கொண்டாள்.

"பாவம் அக்கா, இது" என்று டப்பாவைக் காட்டினாள். "மண்ணுலயே இருந்திருந்தா இப்பக் குடிச்சிருக்கும்."

தையற்காரி டப்பாவைப் பார்த்தாள். உள்ளே ஒன்றேகால் படி சோளம் காய்ந்து கிடந்தது. நல்ல மழை பெய்கிறபோது, விதையைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கடவுளே, எனக்கு இவ்வளவு சின்ன மனசையா கொடுத்தாய் என்று உள்ளுக்குள் கேட்டாள்.

"நான்தான் தோண்டினேன். உன்னையும் தோண்ட வெச்சேன்" என்றாள்.

"விடுங்கக்கா. மிச்சம் பதினஞ்சு சால் மண்ணுலதானே இருக்கு. அது முளைக்கட்டும். அறுத்து உங்க வீட்டுல கொண்டுவந்து போடறோம்."

மழை முக்கால் மணி நேரம் பெய்தது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் நின்றுவிட்டது. தையற்காரி வெளியே வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் இரண்டு கணு இறங்கியது. அதற்குக் கீழே புழுதி அப்படியே இருந்தது. அவள் விரலைப் புடவையில் துடைத்தாள். ஓரகத்தியும் விட்டுப் பார்த்தாள். அவள் விரலும் அங்கேயே நின்றது.

மறுநாள் வானொலி, புயல் கரையை ஒட்டியே நகர்ந்து வடக்கே திரும்பிவிட்டது என்றது. திரும்புமுன் கடலோரத்தில் பல வீடுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நேற்று வரை இந்த ஊர் புயலை வா வா என்று கும்பிட்டது. கடலோரத்தார் போ போ என்று கும்பிட்டிருப்பார்கள். ஒரே காற்றுக்கு இரண்டு பக்கமிருந்தும் மனு போனால் கடவுள் என்ன செய்வார்? அன்று தையற்காரி விளக்கேற்றியபோது முதலில் முகம் தெரியாத அந்த மனிதர்களுக்காக வேண்டிக்கொண்டாள். தனக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

பிறகு வெயில் அடித்தது. நாலாம் நாள் சால்களில் ஊசி முனையாகப் பச்சை தலை நீட்டியது. எட்டாம் நாள் பச்சை மஞ்சளானது. பத்தாம் நாள் ஊதினால் பறந்தது. ஊர் முழுக்க அப்படித்தான். டாப்கியர் டிராக்டரைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான். அவன்மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் விதைத்த கை அவனுடையது.

பதினோராம் நாள் காலை தையற்காரி டப்பாவை எடுத்துக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் வாசலில் அறுந்த கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உக்காரு, உக்காரு. நான் உன்னைப் பாக்க வரல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். 'உக்காரு' என்ற சொல்லைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் கயிற்றைத் திரிக்க மறந்திருந்தான்.

சமையலறையில் ஓரகத்தி பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரி தரையில் ஒரு துணியை விரித்து, சோளத்தைக் கொட்டி, நடுவில் கையால் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தாள்.

"என்னக்கா இது?"

"விதை. இதுல பாதி உன்னுது."

"எங்களுதா? இதுல எங்களுது ஒரு மணி கூட இல்லக்கா. எல்லாம் உங்க பானையில இருந்தது."

"பானையில இருந்தது பூராவும் செத்துப்போச்சு. நீ பொறுக்கினதும் நான் பொறுக்கினதும்தான் உயிரோட இருக்கு. நீ வந்து உக்காரலைன்னா எறும்பு முந்தியிருக்கும். எனக்கு ஒரு பிடி கூடத் தேறியிருக்காது."

"நான் பொறுக்கினது உங்களுக்காகத்தான்."

"தெரியும். அதனாலதான் பாதி."

ஓரகத்தி சோளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருடம் விதையை அரைத்த அன்று அவள் அழுதிருந்தாள்; அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஒரு குவியலைத் திரும்ப மற்றக் குவியலோடு தள்ளிச் சேர்த்தாள்.

"பிரிக்க வேணாம் அக்கா. ரெண்டு இடத்துல வெச்சா ரெண்டு இடத்துல எலி தின்னும். ஒரே பானையில இருக்கட்டும். உங்க வீட்டுலயே வைங்க."

"என் கூரை ஒழுகும்."

"ஒழுகுறதுக்கு மழை வேணுமே" என்றான் வாசலிலிருந்து கொழுந்தன்.

"இப்ப யாரு கேட்டா?" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே குரலில்.

பானை ஓரகத்தி வீட்டிலேயே இருப்பதாக முடிவாயிற்று. அடுப்புச் சாம்பலைச் சலித்து ஒருத்தி போட, மற்றவள் கலந்தாள். சாம்பல் புகையாக எழுந்து இருவரும் தும்மினார்கள். ஒன்றேகால் படி, நிலத்தில் ஒரு மூலைக்குத்தான் காணும். அந்த மூலை விளைந்தால் அதிலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாம். விளையாவிட்டால் என்ன செய்வது என்று இருவரும் பேசவில்லை.

துணியை இறுக்கிக் கட்டி முடித்தபோது தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. ஓரகத்தி இரண்டு குடங்களை எடுத்து, ஒன்றைத் தையற்காரியிடம் நீட்டினாள். இருவரும் வரிசையில் இடம் பிடிக்க ஓடினார்கள்.